சிக்குவது குருவி; தப்புவது முதலாளி!

எல்லை தாண்டும் குற்றங்களை ஒடுக்க நாடுகள் கைகோர்ப்பது எப்படி?

கோலார் தங்கவயலில் கோரமண்டல் என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பெயரில் ரயில் நிலையமும் உண்டு. கோரமண்டல் என்பது உண்மையில் கடற்கரையின் பெயர். சோழ மண்டலக் கரையைத்தான் வெள்ளைக்காரர்கள் அப்படி அழைத்தார்கள் என்பார்கள். கடலே இல்லாத தங்கவயலுக்கு அந்தப் பெயரைக் கொண்டு வந்தவை தங்கம் தேடி வந்த கம்பெனிகள்.

இன்று அங்கே தங்கம் எடுப்பது நின்று விட்டது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி மூடப்பட்டது. சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியும் முன்பே ரயில் ஏறுகிறார்கள். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காருப்பேட்டை என்று கடந்து பெங்களூர் போய்ச் சேருகிறார்கள். கூலி வேலை, கம்பெனி வேலை, குமாஸ்தா வேலை என்று பார்த்து விட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள்.

தங்கவயல் சுமார் 120 ஆண்டுகளில் கொடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். இன்று இந்தியா ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட அவ்வளவு தங்கத்தை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. பெரும்பகுதி முறைப்படி வரி கட்டி, வாசல் வழியாக வருகிறது. மீதி கொல்லைப்புற வழியாக வருகிறது. அதற்குப் பெயர்தான் கடத்தல்.

யாரோ கோடீசுவரர்கள் செய்கிற வேலை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. தங்கம் கோடீசுவரருடையது. ஆனால் அதைச் சுமந்து வருகிறவர் பெரும்பாலும் ஏழைத் தொழிலாளி!

குருவி என்றால் யார்?

சரக்கு சுமந்து நாடு விட்டு நாடு பறக்கும் ஆளுக்குத் தமிழில் ‘குருவி’ என்று பெயர். பெயரே எல்லாவற்றையும் சொல்லி விடுகிறது. குருவிக்கு ஒரு வாய்த் தீனி. கூடும் தோப்பும் வேறொருவனுக்கு!

வெளிநாட்டில் வேலை பார்த்து விட்டு ஊருக்குப் புறப்படுகிற தொழிலாளியைத் தேடி ஓர் ஆள் வருவான். “டிக்கெட் செலவு என்னுடையது. இந்தச் சின்னப் பொட்டலத்தை மட்டும் கொண்டு போங்கள். விமான நிலையத்துக்கு வெளியே நம்ம ஆள் நிற்பான்” என்பான். கமிஷன் தொகையையும் சொல்வான். சம்பளப் பாக்கியும் கடனும் கழுத்தை நெரிக்கும் நேரம். தொழிலாளியின் மனம் தடுமாறும்.

பொட்டலத்தில் தங்கக் கட்டி இருக்கலாம். தங்கத்தைப் பசையாக்கி உள்ளாடையில் தைத்தும் அனுப்புகிறார்கள். மாத்திரை போல உருட்டி உடலுக்குள் மறைத்து வரச் சொல்கிறவர்களும் உண்டு.

சுங்க இலாகா பிடித்தால் என்ன ஆகும்? தங்கம் பறிமுதல். சுங்கச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கக் கூடும். 1974-ல் வந்த ‘காபிபோசா’ சட்டத்தின் கீழ் கடத்தல்காரர்களை வழக்கு விசாரணை இல்லாமலே தடுப்புக் காவலில் வைக்கவும் முடியும். பாஸ்போர்ட் போகும். வெளிநாட்டு வேலை போகும். வெளியே நிற்பதாகச் சொன்ன ‘நம்ம ஆள்’ மட்டும் அந்த நிமிடமே மாயமாகி விடுவான்!

குருவிகள் எல்லோரும் ஏழைகள் என்றும் சொல்வதற்கில்லை. 2025 மார்ச் மாதம் துபாயிலிருந்து பெங்களூர் விமான நிலையத்துக்கு வந்த ஒரு திரைப்பட நடிகையிடம் 14 கிலோவுக்கு மேல் தங்கம் பிடிபட்டதாக வருவாய்ப் புலனாய்வு இலாகா அறிவித்தது. நாடே அதைப் பற்றிப் பேசியது. பெயர் தெரியாத தொழிலாளி பிடிபட்டால், பத்திரிகையில் இரண்டு வரி. அவ்வளவுதான்.

கடத்தல் ஏன் நடக்கிறது?

விலை வித்தியாசம்தான் காரணம். வெளிநாட்டு விலைக்கும் உள்நாட்டு விலைக்கும் இடையே இடைவெளி பெருகினால் கடத்தலும் பெருகும்.

சீன யுத்தத்தை ஒட்டிய நாட்களில், மொரார்ஜி தேசாய் நிதி மந்திரியாக இருந்தபோது, 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். ஏராளமான பொற்கொல்லர்கள் பிழைப்பை இழந்தார்கள். 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. மக்களின் தங்க ஆசை குறைந்ததா? இல்லை. துபாயிலிருந்து படகுகள் வந்தன. பம்பாயில் கடத்தல் மன்னர்கள் முளைத்தார்கள்.

1990-ல் அந்தச் சட்டம் ரத்தானது. 1992-ல் வெளிநாடு வாழ் இந்தியர் வரி கட்டித் தங்கம் கொண்டு வர அனுமதி கிடைத்தது. கடத்தலில் பழைய லாபம் இல்லாமல் போயிற்று. பிறகு 2013-ல் இறக்குமதி வரி 10 சதவீதம் ஆனதும் குருவிகள் மறுபடியும் பறக்கத் தொடங்கினார்கள். 2022 ஜூலையில் வரி 15 சதவீதத்தைத் தொட்டது. 2024 ஜூலையில் 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

தங்கம் வந்த வழியில் வெடிகுண்டும் வந்தது!

‘வரி ஏய்ப்புதானே, கொலையா செய்து விட்டார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 1993-ம் ஆண்டு பதில் சொன்னது.

அந்த ஆண்டு மார்ச் 12-ந் தேதி பம்பாயில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. பங்கு மார்க்கெட் கட்டிடம், ஏர் இந்தியா கட்டிடம் என்று பல இடங்களில் வெடித்தன. 257 பேர் மாண்டார்கள்.

அந்த ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்து நாட்டுக்குள் வந்தது எப்படி? ராய்கட் மாவட்டக் கடற்கரையில் படகில் வந்து இறங்கியது. தங்கமும் வெள்ளியும் கடத்திப் பழகிய கும்பல், அதே தொழிலுக்குரிய படகையும் ஆளையும் கொண்டு அதை இறக்கியது. லஞ்சம் வாங்கிக் கொண்டு வழி விட்டதாக போலீசார் மீதும் சுங்க அதிகாரிகள் மீதும் வழக்கு நடந்தது. சிலர் தண்டிக்கப்பட்டார்கள்.

வழி ஒன்று திறந்திருந்தால் அதில் தங்கமும் வரும், துப்பாக்கியும் வரும், போதை மருந்தும் வரும். இதுதான் பம்பாய் கற்றுக் கொடுத்த பாடம்.

வழக்கில் முக்கியமாகத் தேடப்பட்ட தாவூத் இப்ராகிம், டைகர் மேமன் இருவரையும் இன்று வரை இந்தியக் கோர்ட்டில் நிறுத்த முடியவில்லை. படகிலிருந்து மூட்டை இறக்கியவர்கள் சிறை சென்றார்கள். மூட்டையை அனுப்பியவர்கள் எல்லைக்கு அப்பால்!

மாநில எல்லையே மலை!

நாட்டு எல்லை இருக்கட்டும். மாநில எல்லையே எவ்வளவு பெரிய தடை என்பது கர்நாடகத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சந்தன மர வீரப்பன் தமிழகக் காட்டுக்கும் கர்நாடகக் காட்டுக்கும் மாறி மாறிப் போய்க் கொண்டிருந்தான். 2000-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தினான். 108 நாட்களுக்குப் பிறகுதான் அவர் விடுதலையானார்.

அந்த 108 நாட்களும் பெங்களூரிலும் தங்கவயலிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பயந்து பயந்து இருந்தன. குற்றம் செய்தவன் காட்டில் இருந்தான். பதில் சொல்ல வேண்டியவர்களாக நின்றவர்கள் நகரத்தில் மூட்டை சுமக்கும் தொழிலாளிகள்!

இரண்டு மாநிலப் போலீசாரும் அதிரடிப் படைகள் அமைத்துச் சேர்ந்து தேடினார்கள். 2004 அக்டோபர் 18-ந் தேதி தமிழக அதிரடிப் படை வீரப்பனைச் சுட்டு வீழ்த்தியது. ஒரே அரசியல் சட்டத்தின் கீழ் இருக்கும் இரண்டு மாநிலங்களுக்கே இவ்வளவு காலம் பிடித்தது. தனித்தனிச் சட்டமும் தனித்தனிக் கொடியும் உள்ள நாடுகள் என்றால் எவ்வளவு கஷ்டம்!

நாடுகள் போட்ட ஒப்பந்தங்கள்

கஷ்டம் என்று நாடுகள் சும்மா இருக்கவில்லை.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ‘சார்க்’ 1985-ல் பிறந்தது. 1987 நவம்பர் 4-ந் தேதி நேபாளத் தலைநகர் காத்மாண்டுவில் பயங்கரவாத ஒழிப்பு ஒப்பந்தம் ஒன்றில் அதன் 7 நாடுகளும் கையெழுத்திட்டன. 1988 ஆகஸ்டில் அது அமலுக்கு வந்தது.

அதன் சாரம் எளிமையானது. விமானக் கடத்தல், வெடிகுண்டு, ஆள்பிடித்து மிரட்டுதல் போன்ற குற்றங்களைச் செய்து விட்டு, ‘இது அரசியல் போராட்டம்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. குற்றவாளி ஒளிந்திருக்கும் நாடு அவனை ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் தானே வழக்குப் போட்டு விசாரிக்க வேண்டும்.

2004 ஜனவரியில் இஸ்லாமாபாத்தில் இன்னொரு உடன்படிக்கை கையெழுத்தானது. பயங்கரவாதத்துக்குப் பணம் கொடுப்பதும் சேகரிப்பதும் குற்றம் என்று அது சொன்னது. கடத்தல் தங்கமும் உண்டியல் பணமும் இங்கேதான் வருகின்றன. 2008-ல் கொழும்பில், சாட்சி, ஆவணம், விசாரணை ஆகியவற்றில் ஒருவருக்கொருவர் உதவும் ஒப்பந்தமும் கையெழுத்தானது.

காகிதத்தில் எல்லாம் சரி. நடைமுறையில் என்ன ஆயிற்று? இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றையொன்று நம்பவில்லை. 2014 நவம்பரில் காத்மாண்டுவில் நடந்த உச்சி மாநாட்டுக்குப் பிறகு 2016-ல் இஸ்லாமாபாத்தில் கூட வேண்டிய மாநாடு, உரி ராணுவ முகாம் தாக்குதலை அடுத்து நின்று போயிற்று. வீட்டுக்காரர்கள் சண்டை போட்டுக் கொண்டால் திருடனுக்குத்தான் கொண்டாட்டம்.

ஆகவே இந்தியா வங்காள விரிகுடாப் பக்கம் திரும்பியது. இந்தியா, இலங்கை, வங்காளதேசம், பர்மா, தாய்லாந்து, நேபாளம், பூடான் ஆகிய 7 நாடுகள் சேர்ந்த ‘பிம்ஸ்டெக்’ அமைப்பு, பயங்கரவாதம், எல்லை தாண்டிய குற்றம், போதை மருந்து மூன்றுக்கும் எதிராக 2009 டிசம்பரில் ஓர் ஒப்பந்தம் செய்தது. அது அமலுக்கு வந்ததோ 2021 மார்ச் மாதம். கையெழுத்துப் போட்டதற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே 11 ஆண்டுக்கு மேல்! கடத்தல்காரன் அதுவரை காத்திருப்பானா?

பிடித்து வந்த கதையும் உண்டு

எல்லாமே தோல்வி என்று நினைக்க வேண்டாம்.

துபாய் ஒரு காலத்தில் இந்தியக் குற்றவாளிகளின் புகலிடம் என்று பேசப்பட்டது. 1999-ல் இந்தியாவும் ஐக்கிய அரபு நாடும் குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் செய்தன. 2002 ஜனவரியில் கல்கத்தா அமெரிக்க நிலையத்தின் முன் காவல் நின்ற போலீசார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் தேடப்பட்ட அப்தாப் அன்சாரி அடுத்த மாதமே துபாயிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டான். இரண்டு அரசாங்கங்கள் மனம் வைத்தால் ஒரு மாதம் போதும்!

பம்பாய் குண்டு வெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலீம் போர்ச்சுகலில் சிக்கினான். 2005 நவம்பரில் அவனை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். ஆனால் போர்ச்சுகல் சும்மா ஒப்படைக்கவில்லை. தூக்குத் தண்டனை கூடாது, 25 ஆண்டுக்கு மேல் சிறை கூடாது என்று உறுதிமொழி வாங்கியது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

‘பயங்கரவாதிக்கு வாக்குறுதியா?’ என்று சிலர் கோபப்பட்டார்கள். இன்று ஒரு வாக்கை மீறினால் நாளை எந்த நாடும் இன்னொரு குற்றவாளியை ஒப்படைக்காது. நாடுகளுக்கிடையே நாணயம் என்பதும் ஒரு போலீஸ் பலம்தான்.

‘இன்டர்போல்’ என்ற சர்வதேச போலீஸ் அமைப்பில் 196 நாடுகள் இருக்கின்றன. இந்தியாவில் அதற்குத் தொடர்பு சி.பி.ஐ. சிவப்பு நோட்டீசு விட்டு விட்டால் உலகமெங்கும் கைது செய்து விடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ‘இந்த ஆளைத் தேடுகிறோம், கண்டால் சொல்லுங்கள்’ என்ற வேண்டுகோள்தான் அது. கைது செய்வதும் ஒப்படைப்பதும் அந்தந்த நாட்டுச் சட்டப்படிதான் நடக்கும்.

பாக் கடலில் நடப்பது

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள கடல் குறுகலானது. 2023 மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் மன்னார் வளைகுடாவில் கடலோரக் காவல் படையும் வருவாய்ப் புலனாய்வு இலாகாவும் 32 கிலோவுக்கு மேல் தங்கம் பிடித்தன. அதில் ஒரு பகுதியைக் கடத்தல்காரர்கள் கடலில் வீசி விட்டார்கள். நீரில் மூழ்கித் தேடி எடுக்க வேண்டியதாயிற்று.

அதே கடலில் இன்னொரு சம்பவம். 2011 நவம்பரில் ராமேசுவரம் பகுதி மீனவர்கள் 5 பேரை இலங்கைக் கடற்படை பிடித்தது. ஹெராயின் கடத்தியதாக வழக்கு. 2014 அக்டோபர் 30-ந் தேதி கொழும்பு ஐகோர்ட்டு அவர்களுக்கு மரண தண்டனை விதித்தது. ராமேசுவரம் கொந்தளித்தது. குற்றமே செய்யாதவர்கள் என்று குடும்பத்தினர் கதறினார்கள். இரு அரசாங்கங்களும் பேசின. நவம்பர் மாதம் இலங்கை ஜனாதிபதி மன்னிப்பு வழங்க, 5 பேரும் உயிருடன் ஊர் திரும்பினார்கள்.

நாடுகளின் உறவு குற்றவாளியைப் பிடிக்க மட்டும் அல்ல, சிக்கிக் கொண்ட தொழிலாளியை மீட்கவும் தேவை என்பதற்கு இதை விட என்ன சான்று வேண்டும்?

வேலை என்று அழைத்து அடைத்து வைத்தார்கள்

இப்போது தங்கத்தை விடக் கொடிய கடத்தல் ஒன்று நடக்கிறது. அது ஆள் கடத்தல்.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம் என்று விளம்பரம் வரும். நம்பிப் போகிற இளைஞர்களை எல்லைக்கு அப்பால் பர்மாவின் மியாவடி பகுதிக்குக் கொண்டு போய் அடைத்து வைக்கிறார்கள். கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, உலகெங்கும் உள்ள மக்களை ஏமாற்றிப் பணம் பறிக்கச் சொல்கிறார்கள். மறுத்தால் அடி, மின் அதிர்ச்சி என்று மீண்டு வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

2022 அக்டோபரில் தமிழ் இளைஞர்கள் 13 பேர் மீட்கப்பட்டு சென்னை வந்தார்கள். 2025 மார்ச் மாதம் இந்திய விமானப் படை விமானங்கள் தாய்லாந்து சென்று, இரண்டு நாட்களில் 549 பேரை அழைத்து வந்தன. தாய்லாந்து ஒத்துழைக்காமல் இது நடந்திருக்காது. இங்கும் பிம்ஸ்டெக் நாடுகள் மூன்று சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஆட்களை மீட்டாயிற்று. அந்தக் கூடாரங்களை நடத்துகிற முதலாளிகளை ஒடுக்குவதுதான் இனி நாடுகளின் பொறுப்பு.

தங்கவயல் அறிந்த நியாயம்

பிடிக்கிற கை யார் மேல் விழுகிறது என்ற கேள்வி தங்கவயலுக்குப் புதிதல்ல.

வெள்ளைக்காரக் கம்பெனிகள் சுரங்கம் நடத்திய காலத்தில் லாபம் லண்டன் பங்குதாரர்களுக்குப் போயிற்று. தங்கத் திருட்டு என்றால் முதல் சந்தேகம் தொழிலாளி மேல். 1930-ல் தொழிலாளர் பெயரைப் பதிவு செய்து கைரேகை எடுக்க வேண்டும் என்று கம்பெனிகள் புறப்பட்டன. கைரேகை என்பது குற்றவாளிக்கு எடுப்பது என்பது அந்த நாளைய எண்ணம். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு மட்டும் அவர்களுக்குப் பெரிதாக இல்லை. மானமும் பெரிதாக இருந்தது.

இன்றைக்குக் கைரேகை இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை. விமான நிலையத்திலும் கைரேகை, கண் படம் என்று வந்து விட்டன. நாடுகள் இந்த விவரங்களைப் பரிமாறிக் கொள்கின்றன. குற்றவாளியைப் பிடிக்க அது வேண்டியதுதான். ஆனால் பதிவில் உள்ள ஒவ்வொருவனும் குற்றவாளி அல்ல. ஒத்துழைப்பு என்பது குருவிகளை எண்ணிக் கணக்குக் காட்டுவதோடு நின்று விடக் கூடாது. பணம் யார் கொடுத்தார், சரக்கு யாருக்குப் போகிறது, லாபம் எந்த பாங்கியில் சேருகிறது என்று நூல் பிடித்துப் போய், எந்த நாட்டில் இருந்தாலும் முதலாளியைப் பிடிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

அரசாங்கங்கள் செய்வதைச் செய்யட்டும். வெளிநாடு போகிறவர்கள் செய்யக் கூடியவை சில உண்டு.

பிறர் கொடுக்கும் பொட்டலத்தை, அவர் சொந்தக்காரரே ஆனாலும், திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. ‘மருந்து’, ‘பலகாரம்’ என்பார்கள். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. ‘எனக்குத் தெரியாது’ என்று கோர்ட்டில் நிரூபிப்பது லேசான காரியம் அல்ல.

சொந்தத் தங்கம் கொண்டு வருகிறவர்கள் சலுகை எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். அதற்கு மேல் இருந்தால் சிவப்பு வழியில் சென்று, ரசீது காட்டி, வரி கட்ட வேண்டும். வரி கட்டியவர் தலை நிமிர்ந்து வெளியே வரலாம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டு மத்திய அரசில் பதிவு செய்தவரா என்று பார்க்க வேண்டும். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்றால் சந்தேகப்பட வேண்டும். வெளிநாட்டில் சிக்கல் என்றால் இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

சுரங்கத்தில் இறங்கிய தங்கவயல் தொழிலாளி உயிரைப் பணயம் வைத்துத் தங்கம் எடுத்தார். அந்தத் தங்கம் அவருக்குச் சொந்தமாகவில்லை. ஆனாலும் அது நேர்மையான உழைப்பு. குருவியாகப் பறக்கிறவர் சுமக்கும் தங்கமும் அவருக்குச் சொந்தமில்லை. சிறை மட்டும் சொந்தமாகும்!